மறுமொழி: ஃபில்ட்ரம் – குழியா, ஓடையா?

> 'மேலுதட்டுக் குழி' என்றே வைத்துக்கொள்வோம். பார்த்ததும் புரிகிறது, போதாதா?

போதாது ஐயா. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளமான ஃபில்ட்ரத்துக்குத் (philtrum) தமிழ்ச்சொல் தேடுகிறோம். குழி என்றால் சுற்றிலும் அடைத்திருக்க வேண்டும், கன்னக்குழி அப்படித்தான். இதுவோ மூக்கடியில் தொடங்கி உதட்டு விளிம்பு வரை இறங்குகிறது. சுண்டுவிரல் நுனியை வைத்து மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். ஃபில்ட்ரம் என்பதன் மூலச்சொல்லும் கைகொடுக்காது. கிரேக்கத்தில் அதற்கு வசிய மருந்து என்று பொருள். அதைத் தமிழாக்கினால் வகுப்பில் சிரிப்புத்தான் வரும்.

என் பரிந்துரை 'இதழோடை'. அழகுக்காகச் சொல்லவில்லை. நாயின் மூக்கைக் கிட்டத்தில் பாருங்கள்: இரு துளைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய கீறல் மேலுதடு வரை இறங்கும். திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, அந்த இடுக்கு வழியே வாயின் ஈரம் மூக்குக்கு ஏறுகிறது. ஈர மூக்கில் வாசனை நன்றாகப் பிடிபடும். குரங்குகளின் தூரத்து உறவான லெமூருக்கும் ஈர மூக்குத்தான். குரங்குகளுக்கும் நமக்கும் மூக்கு உலர்ந்துவிட்டது. தண்ணீர் போய்த் தடம் மட்டும் மிச்சம். வற்றினாலும் அதை ஓடை என்றுதானே சொல்கிறோம்?

இதற்குத் 'தையல்' என்று பெயரிடலாமா என ஒருவர் கேட்டிருந்தார். கருவின் 4 முதல் 7 வாரங்களுக்குள் மூக்குப் புடைப்புகள் இரண்டும் நடுவில் ஒன்றாகி இந்தப் பகுதியாகின்றன. கன்னப் பக்கத்து மேல்தாடைப் புடைப்புகள் அதன் இரு ஓரத்திலும் வந்து ஒட்டுகின்றன. அந்த ஒட்டு விட்டுப்போனால்தான் உதட்டுப் பிளவு. அது பெரும்பாலும் நடுவில் விழாமல் பக்கவாட்டில் விழுவது இதனால்தான். ஆக, தையல் என்ற பெயர் பள்ளத்தைவிட ஓரத்து மேடுகளுக்கே பொருந்தும்.

அப்புறம், சொல் புழங்க வேண்டும். கருவுற்ற காலத்தில் தாய் மது அருந்தியதால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் பள்ளம் தட்டையாகிவிடுவதுண்டு. மருத்துவர்கள் 5 படங்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிட்டு அளவிடுவார்கள். அப்படித் தட்டையான பள்ளத்தைத் 'தூர்ந்த ஓடை' என்று எழுதினால் எவருக்கும் விளங்கும். 'தூர்ந்த குழி' என்றால் வேறு நினைப்பு வரும்!

> சங்கப் பாட்டில் யானையின் நெற்றிப்பட்டமும் ஓடைதானே? இதழ் என்றால் ஆய்விதழும் ஆகும். 'உதட்டுப் பிளவு' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, உதட்டை ஏன் விட வேண்டும்?

யானையால் இங்கே குழப்பம் வராது. உதடு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. பிளவுக்கு ஒரு சொல், பள்ளத்துக்கு இன்னொன்று என்று இருக்கக் கூடாது. 'உதட்டோடை' என்றே போடலாம். முதலில் நாக்கு இடறியது, நாலு தடவை சொன்னதும் பழகிவிட்டது.

மேடுகளுக்கு 'வரப்பு' கேட்டவருக்கு: வரப்பு வயலுக்கு, ஓடைக்குக் கரை. 'இடக்கரையில் பிளவு' என்று ஓர் அறுவை மருத்துவர் குறிப்பு எழுதுவதை நினைத்துப் பார்க்கிறேன், இடறலாகத் தெரியவில்லை.