புதுப்பிப்பு: காலமானவரின் ஏர் பெட்டை அடுத்தவருக்குக் கொடுப்பது

படுக்கையில் இருந்தவர் காலமான பிறகு மிச்சமிருக்கும் ஏர் பெட் (படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை), வீல்சேரைப் பாலியேட்டிவ் யூனிட்டுக்கு (தீராத நோயாளிகளின் வலியையும் அவதியையும் குறைக்கப் பார்த்துக்கொள்ளும் குழு) கொடுக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தோம். யாரிடம், எப்படிக் கொடுப்பது என்று பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்காக இது.

யாரிடம் கொடுப்பது? கேரளத்தில் 2008 பாலியேட்டிவ் கொள்கைக்குப் பிறகு பஞ்சாயத்துகளில் ஹோம் கேர் நர்ஸ் வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கோபாலபுரம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் என்றால், வீடு தேடி வரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் கேளுங்கள்.

பெட்டைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயில் பட்டால் பெட்டின் பிவிசி பிளாஸ்டிக் விரிசல் விடும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். பம்பை ராத்திரி முழுக்க ஓட்டிப் பாருங்கள். காலையில் தொய்ந்திருந்தால் முதலில் ட்யூப் சேரும் இடத்தில் சோப்பு நுரை தடவுங்கள். கசிவு இருந்தால் குமிழி வரும்.

வாங்குகிற வீட்டாரிடம் கட்டாயம் சொல்லுங்கள்: மெத்தைமேல் விரித்து, மேலே ஒரே ஒரு பெட்ஷீட், அதுவும் தளர்வாக. நாலு துணி மடித்துப் போட்டால் ஏர் பெட் போட்ட பலனே இல்லை. நோயாளி படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு இடித்தால் காற்று போதாது. பெட் இருக்கிறதே என்று 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பதை விட்டுவிடக் கூடாது.

மீதி மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) மாத்திரையை வேறு நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது. தந்த யூனிட்டிலேயே எண்ணித் திருப்புங்கள்.

காலமானவரின் வீட்டிலிருந்து யூனிட்டில் தொண்டராகச் சேர விரும்புகிறவர்கள், துக்கம் பச்சையாக இருக்கும்போது நோயாளி அருகில் போக அவசரப்பட வேண்டாம். பொருள் ரெஜிஸ்டர், பம்ப் சோதனை, வண்டி ஏற்பாடு இவற்றுக்கு எப்போதும் ஆள் தேவை, அங்கிருந்து தொடங்குங்கள்.