அப்பாவுக்குப் பாதத்தில் மெலனோமா: புண் ஆறிவிட்டது, ஆள்தான் பழையபடி இல்லை

வரப்புப்பூ:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, விவசாயம். குதிகாலில் கறுப்பாக ஒன்று வந்ததைக் கால் ஆணி என்று நினைத்து, பிளேடால் சீவுவதும் பிளாஸ்திரி ஒட்டுவதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் பயாப்சி எடுத்தோம், மெலனோமா என்றார்கள், தோலில் வருகிற ஒருவகைப் புற்றுநோயாம். குதிகாலில் வெட்டி எடுத்துத் தொடைத்தோலை வைத்து ஒட்டினார்கள், தொடை இடுக்கில் நெறிகட்டியிருந்ததையும் எடுத்தாயிற்று. எட்டு மாதமாக நிவோலுமாப் ஊசி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயோடு போராட வைக்கிற மருந்து) போகிறது, அதற்காகக் கொஞ்சம் நிலத்தையும் விற்றோம்.

ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மடை திறக்கப் போகிற மனிதர், இப்போது பத்து மணிவரை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வீட்டில் யாரும் இல்லாதபோதும் காலைத் துண்டால் மூடிக்கொள்கிறார். என் பையன் மடியில் ஏற வந்தால் காலை இழுத்துக்கொள்கிறார், தனி டம்ளர் வைத்திருக்கிறார், ஒட்டாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. "என் மேல போட்ட காசை வயல்ல போட்டிருக்கலாம்" என்று ஒருநாள் சொன்னார். டாக்டரிடம் சொன்னால் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள் என்கிறார். இது போகப்போகச் சரியாகிவிடுமா, இல்லை ஏதாவது செய்ய வேண்டுமா?

நகக்கோடு:
எனக்குக் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது, பாதி விரல் போய்விட்டது, நான்கு வருஷம் ஆகிறது. "தைரியமா இரு" என்ற வார்த்தைதான் என் வாயை அடைத்தது. அதைக் கேட்ட பிறகு பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேதி வரும், அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே தூக்கம் போய்விடும், ரிப்போர்ட் நல்லபடியாக வந்தாலும் அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தங்காது.

உங்கள் அப்பா பிளேடால் சீவியதால்தான் வந்தது என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கலாம், நானும் அப்படித்தான் இருந்தேன். அவர் சீவியதே மெலனோமாவைத்தான், சீவியதால் அது உண்டாகவில்லை. நம் மாதிரி கறுப்பு நிறத்துக்காரர்களுக்கு இது வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இங்கேதான் அதிகம் வருகிறது. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்கும் கால்விரல் நகத்தடியில்தான் தொடங்கியது, 1981ல் 36 வயதில் போய்ச் சேர்ந்தார். டாக்டர்களே கால் ஆணி என்று நினைத்து ஏமாந்துபோகிற நோய் இது. இதை ஒருதரம் அவர் காதில் போடுங்கள்.

வார்டு அக்கா:
தங்கச்சி, நான் புற்றுநோய் வார்டில் 14 வருஷமாக நர்ஸ். முதலில் தைராய்டைப் பாருங்கள். நிவோலுமாப் போகிறவர்களில் சிலருக்குத் தைராய்டு படுத்துவிடும், அபூர்வமாகப் பிட்யூட்டரி, அட்ரீனல் என்ற மற்ற ஹார்மோன் சுரப்பிகளும்கூட. அப்போது வருகிற அசதி, எதிலும் நாட்டமில்லாமை, படுக்கையை விட்டு எழ முடியாமை எல்லாம் பார்ப்பதற்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும். இந்தச் சுரப்பிகளைப் பார்க்கிற ரத்தப் பரிசோதனைகளான டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, காலை நேரக் கார்ட்டிசால் மூன்றும் எப்போது எடுத்தது என்று கேளுங்கள். அதில் குறை இருந்தால் மாத்திரை உண்டு.

அது சரியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இப்படி இருந்தால் மனநல டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரை எழுதினால் வேலை செய்யச் சில வாரம் ஆகும், நாலு நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. பழக்கமாகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தூரம் என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

அப்புறம், இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. வயல் வீடு என்கிறீர்கள், பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, உள்ளே இருந்தால் சொல்வதற்கு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ஈரமண்:
கால் வீங்குகிறதா என்றும் பாருங்கள். நெறி எடுத்தபின் என் மாமாவுக்குக் கால் கனத்துப்போய், அந்த அவமானத்திலேயே டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பிசியோதெரபி டாக்டர் சொன்ன இறுக்கமான காலுறை போட்ட பிறகுதான் வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார்.

வரப்புப்பூ:
அக்கா, அண்ணா, நன்றி. பூச்சிமருந்து டப்பாக்கள் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டன. நேற்று ராத்திரி கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை, பிறகு "சில நாள் தோணுதும்மா" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது, அவர் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். 14416க்கு அழைத்துப் பேசினேன், விடிந்ததும் ஜி.எச். மனநலப் பிரிவுக்குக் கூட்டி வந்துவிட்டேன். ரத்தம் எடுத்தாயிற்று. இப்போது டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறோம், கால் மேல் துண்டு இருக்கிறது, ஆனால் பேசிக்கொண்டிருக்கிறார்.