முன் சக்கரத்தில் ‘டொக் டொக்’: உங்கள் வண்டியில் எது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

காட்பாடிக்காரர்

டீசல் எஸ்யூவி, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. முன்னால் இடது பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். சித்தூர் சாலையில் ஒட்டுப்போட்ட தார் வந்தால் போதும், ஆரம்பித்துவிடும். பெங்களூர் நெடுஞ்சாலையில் நூறில் போனால் ஒன்றும் இருக்காது. ஒரு இடத்தில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று இரண்டையும் மாற்றினார்கள். வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதும் அதே ‘டொக்’.

அப்புறம்தான் சத்துவாச்சாரி பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. “ஸ்பீடு பிரேக்கர்ல நேரா ஏறுனா வருதா, ஒரு சக்கரம் மட்டும் ஏறுனா வருதா?” என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. இருவரும் போய்ப் பார்த்தோம். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அமைதி. இடது சக்கரம் மட்டும் ஓரத்தில் ஏறினால் ‘டொக் டொக்’.

திரும்பி வந்ததும் வண்டியை ஜாக்கியில் ஏற்றவில்லை. சக்கரம் தரையில் இருக்கும்போதே என்னைக் குனியச் சொல்லி, ஸ்டெபிலைசர் லிங்க் ராடின் (இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே குறுக்கே போகும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு) மேல் முனையில் இரண்டு விரலை வைக்கச் சொன்னார். பையன் மறுபக்கம் நின்று வண்டியை ஆட்டினான். விரல் நுனியில் ‘டிக்… டிக்…’ என்று தட்டியது. காதில் கேட்டதைவிட விரலில் தெளிவாகத் தெரிந்தது. சந்தேகம் வேண்டாம் என்று இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரை ஓரமாகக் கட்டிவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். சத்தம் சுத்தமாக இல்லை. புது லிங்க் இரண்டும் போட்டு மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் பார் முறுக்கிக்கொள்ளாது, லிங்க்கில் இழுப்பு வராது. ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கும். இவ்வளவுதான் விஷயம். இதைப் பார்க்காமல் ஷாக்கை மாற்றியது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு எது, எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள்.

குடியாத்தம்

எனக்கு லிங்க் இல்லை. லிங்க், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கை) எல்லாம் ஆட்டிப் பார்த்தாகிவிட்டது, எல்லாம் கெட்டியாக இருந்தது. பேரணாம்பட்டு சாலையில் ஒரு நாள் முன்னால் போன ஆட்டோ நின்றதால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கரடுமுரடில் போனேன். லொடலொட சத்தம் நின்றுவிட்டது. காலை எடுத்தேன், வந்தது. மறுபடி லேசாக மிதித்தேன், போய்விட்டது.

பிரேக் பேடு மாற்றியபோது அதைப் பிடித்திருக்கும் தகட்டு கிளிப்பைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ‘பின்’னும் காய்ந்து கிடந்தது. கிளிப் போட்டு, ‘பின்’னுக்கு அதற்குரிய கிரீஸ் வைத்ததும் சரியாகிவிட்டது. சஸ்பென்ஷனைப் பிரிக்கும் முன் எல்லோரும் இப்படி பிரேக்கை லேசாக மிதித்து ஒரு தடவை பாருங்கள், காசே செலவில்லை.

ஆரணி

காட்பாடி நண்பர் சொல்வதில் ஒன்றை ஏற்க முடியவில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஸ்யூவியில் ஷாக்கை மாற்றியது வீண் என்பது போல எழுதியிருக்கிறார். வீண் இல்லை. சத்தம் லிங்க்கில் இருந்தது, சரி. அதற்காக ஷாக் நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது.

என்னுடையது பட்டுப்புடவை மூட்டை ஏற்றிக் காஞ்சிபுரம் போய்வரும் வண்டி. பாரம் இருக்கும்போது முன்பக்கம் அடியில் ‘தட்’ என்று இடிக்கும். இறங்கிப் பார்த்தால் வலது ஷாக்கின் உடம்பில் மண் அப்பிக்கொண்டு ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டு ஒரு நடை போய் வந்தேன், மறுபடி எண்ணெய் வழிந்திருந்தது. அவ்வளவுதான் என் கதை. இரண்டு பக்கமும் மாற்றினேன்.

இனி ஷாக் வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மூலையில் அமுக்கிவிட்டுக் கையை எடுத்து வண்டி எத்தனை முறை துள்ளுகிறது என்று பார்ப்பது சின்ன காருக்கு ஓரளவு உதவும். கனமான எஸ்யூவியில் அதை மட்டும் நம்பாதீர்கள், கையால் அமுக்கும் பலம் அதற்குப் போதாது. கசிவைப் பாருங்கள். டயரின் முகத்தில் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்குவது) பொடிந்து போயிருக்கிறதா என்று தூசி உறையைத் தூக்கிப் பாருங்கள், அது இல்லாவிட்டால் புது ஷாக்கும் சீக்கிரம் போகும். ஒரு பக்கம் மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் அமுங்கும். மேலே இருக்கும் மவுண்ட் ரப்பரையும் அப்போதே மாற்றிவிடுங்கள், ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு) எப்படியும் வெளியே வந்திருக்கிறது, தனியாக இன்னொரு நாள் கூலி கொடுக்க வேண்டாம். முடித்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஆம்பூர்

ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘டொய்ங்’. பின் சீட்டில் இருந்த அம்மா, “என்னப்பா கம்பி அறுந்த மாதிரி கேக்குது” என்றார். அத்தனை வளைவையும் அதே பயத்தோடு ஏறினேன். இறங்கும்போது அதைவிட மோசம்.

வீட்டுக்கு வந்து, தம்பியை உள்ளே உட்கார வைத்து, வண்டி நின்றபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னேன். நான் சக்கர வளைவுக்குள் கைவிட்டு, ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை மட்டும் வைத்தேன். ஸ்பிரிங் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பவில்லை. முறுக்கி நின்று, நின்று, திடீரென்று விட்டு உதறியது. அந்த உதறல் மணிக்கட்டு வரை ஏறியது. மேலே ஸ்ட்ரட் பேரிங் இறுகிப் போயிருந்தது. பிரித்தபோது உள்ளே துருவும் மண்ணும்தான்.

இதைச் செய்து பார்ப்பவர்கள் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே விரலை விடாதீர்கள், நசுங்கிவிடும். ஸ்பிரிங்கை நீங்களே கழற்றவும் போகாதீர்கள். அமுக்கும் கிளாம்ப் சரியாக இல்லாமல் நட்டைத் திருகினால் ஆளையே அடித்துவிடும்.

ஆரணிக்காரர் சொன்னதில் மவுண்ட் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. முன்பு என் வண்டிக்கு ஷாக் மாற்றியபோது பழைய பேரிங்கையே திரும்பப் போட்டிருந்தார்கள்.

வாலாஜா, பட்டறை வைத்திருப்பவன்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். இருபக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு மனதை உறுத்தும் விஷயம் வேறு. அதை எந்த வாடிக்கையாளரும் கவனிப்பதில்லை, பட்டறைக்காரர்களே பலர் கவனிப்பதில்லை.

ஒரு வண்டி வந்தது. பிரேக் பிடித்தால் ‘டம்’, காலை எடுத்தால் இன்னொரு ‘டம்’. இப்படி இருந்தால் பெரும்பாலும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் (ஆர்மை வண்டியோடு இணைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் உருளை). “போன வருஷம்தான் மாத்தினேன் சார், ஒரிஜினல் பார்ட்” என்கிறார். பெட்டியையும் பில்லையும் காட்டுகிறார், பொய் இல்லை. ஆர்மை இறக்கிப் பார்த்தால் ரப்பர் புதுசு போலவே கருப்பாக, மெத்தென்று இருக்கிறது. ஆனால் நடுக்குழாயைச் சுற்றி அரைவட்டமாகக் கிழிந்திருக்கிறது. வெடித்து, பொடிந்து, வயதாகிப் போன ரப்பர் இல்லை. நல்ல ரப்பர் கிழிந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

காரணம் இதுதான். இந்த புஷ்ஷில் உள்குழாய், ரப்பர், வெளிக்கூடு மூன்றும் ஒட்டியே வரும். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான். லிஃப்டில் வண்டி தொங்கும்போது ஆர்ம் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுகியபடி இருக்கும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகும். கிழியாமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது: தொங்கும்போது போல்ட்டைக் கையால் ஓட்டி விடுங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு, பட்டறைப் பள்ளத்துக்குள் இறங்கியோ சக்கரத்தைக் கட்டையில் ஏற்றியோ, டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். வண்டி விடுபவர்கள் பட்டறையில் நின்று, “வண்டியைக் கீழே இறக்கின பிறகு போல்ட்டை டைட் பண்ணீங்களா” என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் வேறு இடம் பாருங்கள்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கத்திரியில் வேலூரில் 40 டிகிரிக்கு மேல் போகிறது, அடியில் தார்ச்சூடு, என்ஜின் சூடு வேறு. ரப்பர் சீக்கிரம் இறுகும்தான். ஆனால் வருஷத்துக்குள் கிழிந்தால் அது வெயில் செய்த வேலை இல்லை, இறுக்கிய விதம்.

ஒடுகத்தூர் (இப்போது சென்னையில்)

சத்தத்தை எரிச்சலாக மட்டும் பார்க்கிறோம். என் சித்தப்பா வண்டியில் திரும்பும்போது ‘கிர்க்’ என்று ஒரு சத்தம் ரொம்ப நாளாக இருந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுவார். அணைக்கட்டு ஊரைத் தாண்டி, எதிரில் கரும்பு டிராக்டர் வந்தது. வழிவிட ஓரம் கட்டி இறக்கினார், மெதுவாகத்தான். வலது முன் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்பக்கம் வெளியே பிதுங்கிவிட்டது. கீழ் பால் ஜாயிண்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) குழியிலிருந்து கழன்றுவிட்டது. மட்கார்டு நசுங்கி, சக்கரம் தரையில் கோடு கிழித்து நின்றது. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அரை மணி முன்னால் நெடுஞ்சாலையில் வேகமாக வந்தோம் என்பதுதான் இன்னும் தூக்கத்தில் வருகிறது.

பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். 3 மணி, 9 மணியில் ஆட்டம் என்றால் டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனையைப் பாருங்கள்.

வாலாஜா, பட்டறை வைத்திருப்பவன்

ஒடுகத்தூர் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இல்லாவிட்டால் பார்த்தும் தப்பிவிடும். சேசிஸ் (அடிச்சட்டம்) தனியாக உள்ள பல பெரிய எஸ்யூவிகளில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும். அதில் ஜாக்கியைச் சேசிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி, ஜாயிண்டை இறுக்கமாகவே வைத்திருக்கும், தேய்மானம் தெரியாது. ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயிண்ட்டுக்குப் பக்கமாக வைத்துத் தூக்குங்கள். அப்போதுதான் ஆட்டம் வெளியே வரும். பக்கத்தில் ஸ்டாண்டு போடாமல் யாரும் அடியில் போகாதீர்கள். யாராவது பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட்.

காட்பாடிக்காரர்

ஆரணி அண்ணனுக்கு. நான் ஷாக்கே மாற்றக்கூடாது என்று சொல்லவில்லை. கழற்றிய இரண்டையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, தண்டு வழவழவென்று இருக்கிறது, அமுக்கினால் இரண்டும் ஒரே சீராக எழும்புகிறது. பழசானால் மாற்றலாம், அது வேறு. ‘இந்தச் சத்தம் இதனால்தான்’ என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் தப்பு. உங்கள் வண்டியில் கசிவைக் கண்ணால் பார்த்து மாற்றினீர்கள். எனக்கு யாரும் எதையும் காட்டவில்லை.

ஆரணி

காட்டாமல் மாற்றியது தப்புதான், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. பழைய ஷாக்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் கையால் அமுக்கிப் பார்ப்பதை வைத்து நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம், ஓடும் வேகத்தில் அது வேறு மாதிரி வேலை செய்யும்.

போளூர்

எனக்கு இன்னும் தீரவில்லை. ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் ‘கிரீச் கிரீச்’ என்று பழைய கட்டில் மாதிரி. மழை பெய்தால் சுத்தமாகப் போய்விடுகிறது. இரண்டு நாள் வெயில் அடித்தால் திரும்ப வருகிறது. லிங்க் மாற்றியாச்சு. பட்டறையில் ஏதோ எண்ணெய் ஸ்பிரே அடித்தார்கள், ஒரு வாரம் நன்றாக இருந்தது, இப்போது முன்னைவிட அதிகம். யாராவது சொல்லுங்கள்.

வாலாஜா, பட்டறை வைத்திருப்பவன்

மழையில் போகிறது என்றால் ரப்பரும் இரும்பும் காய்ந்து உரசுகிறது. முதலில் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷைப் பாருங்கள், சேசிஸோடு பாரைப் பிடித்திருக்கும் இரண்டு கிளாம்ப்புக்குள் இருக்கும். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒரு கிளாம்ப்பில் மட்டும் ஊற்றி வண்டியை ஆட்டுங்கள். நிற்கவில்லை என்றால் அடுத்தது. அதிலும் நிற்காவிட்டால் லோயர் ஆர்ம் புஷ், ஒவ்வொன்றாக. எதில் ஊற்றியபோது நின்றதோ அதுதான்.

எண்ணெய் ஸ்பிரே இனி வேண்டாம், ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுவிடும், அதிகமானதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பார் புஷ்தான் என்றால் விலை குறைவு, வேலையும் சுலபம். பழைய புஷ் இருந்த இடத்தில் பாரில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் புதுசைப் போடச் சொல்லுங்கள். வாங்கும் முன் பாரின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே வேரியன்ட் மாறினால் பார் தடிமன் மாறுவது உண்டு, ஒரு மில்லிமீட்டர் பெரிய புஷ் போட்டால் கிரீச் போய் ‘டொக்’ வந்துவிடும்.