மாலத்தீவு: கம்பிச் சட்டத்தில் கட்டிய பவளம் அடியிலிருந்து வெள்ளையாவது ஏன்?

கடலடி:
மாலத்தீவுக் காயல் ஒன்றில், 3 மீட்டர் ஆழத்தில், பவளம் வளர்க்க இறக்கிய, ரெசினும் மணலும் பூசிய கம்பிச் சட்டம். 60 அக்ரோபோரா (கிளைவிடும் பவளம்) துண்டுகள், கேபிள் டை போட்டுக் கட்டியவை. ஏழாவது வாரம். கீழ்வரிசையில் பாதி, அடியிலிருந்து மேலாக வெள்ளையாகிறது. மேல்வரிசைக்கு ஒன்றுமில்லை. இது வெப்ப வெளுப்பா, அதாவது சூட்டில் பவளம் தன் சதைக்குள் வாழும் பாசியை இழந்து நிறம் போவதா?

அலைவாய்:
வெப்பமென்றால் வெயில் அதிகம் படும் மேல்வரிசைதான் முதலில் வெளுக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வெளுத்த பவளத்தில் சதை கண்ணாடி போல ஒட்டியிருக்கும், பாலிப்பின் (பவளத்தின் ஒவ்வொரு சிற்றுயிர்) இழைகூடத் தெரியும். சதையே இல்லாமல் வெறும் சுண்ணாம்பு என்றால் ஏதோ தின்றிருக்கிறது. பெரும்பாலும் ட்ரூபெல்லா என்னும், பவளம் தின்னும் நத்தை. 2–3 செ.மீ. இருக்கும், ஓட்டின் மேல் இளஞ்சிவப்புப் பாசி படிந்திருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். பகலில் கிளை இடுக்கில் பதுங்கி, இரவில் தின்னும். நீள இடுக்கியால் எடுத்துக் கரைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வாரம் ஒருமுறை பார்த்தால்தான் அடங்கும்.

ஒரே இரவில் முழுத் துண்டும் வெள்ளையானால் பவளம் தின்னும் முட்கிரீட நட்சத்திரமீனைத் தேடுங்கள். அதை வெட்டிப் போடாதீர்கள், துண்டு மறுபடி வளரக்கூடும். முள்ளில் நஞ்சு உண்டு.

நங்கூரம்:
துண்டைக் கட்டியிருக்கும் விதத்தையும் பாருங்கள். டை தளர்ந்திருந்தால் அலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் துண்டு கம்பியில் உரசிச் சதை உரியும். விரலால் தொட்டால் ஆடக்கூடாது. டையின் வாலை ஒட்ட நறுக்குங்கள், இல்லாவிட்டால் பாசி அதில்தான் முதலில் பிடிக்கும். மணல்மேல் நிற்கும் சட்டமென்றால் அடிக் கம்பியில் கட்டவே வேண்டாம், கிளம்பும் மணல் மூடிவிடும்.

கடலடி:
நத்தைதான், ஒரே சட்டத்தில் 14. பாதி செத்த துண்டுகளை என்ன செய்வது?

அலைவாய்:
உயிருள்ள பகுதிக்குள் 1 செ.மீ. ஏற்றி வெட்டி, 5 செ.மீ.க்குக் குறையாமல் மிஞ்சினால் மறுபடி கட்டுங்கள். வெள்ளை எலும்பில் பாசி ஏறுமுன் செய்ய வேண்டும். வாளியில் வைத்தால் நிழலில் வையுங்கள், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

தெற்குக்காற்று:
வெட்டும் வேலையை ஏப்ரல், மே மாதங்களில் வைக்காதீர்கள். அங்கே கடல் சூடு உச்சம் அப்போதுதான். 1998, 2016 இரண்டிலும் பெருஞ்சாவு அந்தச் சமயத்தில்தான் நடந்தது. வழக்கமான உச்ச மாதச் சராசரியைவிட 1 டிகிரி கூடி 4 வாரம் நின்றால் வெளுக்கும், 8 வாரம் நின்றால் சாகும். இது கணக்குக்கான அளவு, கடல் அப்படியே கேட்காது.

இன்னொன்று: 60-உம் அக்ரோபோராவா? சீக்கிரம் வளரும், சூட்டில் சீக்கிரம் போவதும் அதுதான். கொஞ்சம் போரைட்டஸும் (பாறை போலத் திரண்டு வளரும் பவளம்) சேருங்கள், ஆண்டுக்கு 1 செ.மீ. போலத்தான் வளரும் என்றாலும். துண்டுகளையும் ஒரே தாய்ப்பவளத்திலிருந்து எடுக்காதீர்கள். பக்கத்தில் தீவை அகலப்படுத்த மணல் தோண்டுகிறார்கள் என்றால் சட்டம் இறக்குவதே வீண், சேறு படிந்து மூச்சடைத்துச் சாகும்.