தேர்வை ‘ரைட்’ செய்வதா, ‘டேக்’ செய்வதா?

கேள்வி:
பிரிட்டனில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பும் விண்ணப்பக் கட்டுரையில் ‘ஐ ரோட் தி எக்ஸாம் இன் 2023’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ‘ரோட்’ என்பதை ‘டுக்’ என்று மாற்றச் சொல்கிறார். நாம் தேர்வை எழுதத்தானே செய்கிறோம்? இது பிழையா, வட்டார வழக்கா என்பதை அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1:
இலக்கணப் பிழை அன்று. கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட ‘ரைட்’ இயல்பாகப் புழங்குகிறது. ஆனால் பிரிட்டனில் ‘சிட்’ அல்லது ‘டேக்’ என்பதும், அமெரிக்காவில் ‘டேக்’ என்பதுமே பெருவழக்கு என்பதால், அங்குள்ளவர் உங்கள் வாக்கியத்தைப் படித்துவிட்டு, வினாத்தாளைத் தயாரித்தவரே நீங்கள்தான் என்று எண்ணவும் இடமுண்டு.

மறுமொழி 2:
நண்பர் சொல்வதே பாதுகாப்பானது. வட இந்தியர் பலர் இந்தி வழக்கை ஒட்டி ‘கிவ்’ என்பார்கள். அது இன்னும் குழப்பும், ஏனெனில் தேர்வைக் ‘கிவ்’ செய்பவர் ஆசிரியர். ‘சிட்’ பிடித்திருந்தால் ‘சாட் தி எக்ஸாம்’, ‘சாட் ஃபார் தி எக்ஸாம்’ இரண்டும் செல்லும். எழுதியதை அல்ல, தேர்ச்சி பெற்றதையே சொல்ல வருகிறீர்கள் என்றால் இந்த விவாதமே வேண்டாம். ‘பாஸ்ட்’ என்று எழுதிவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தேர்ச்சியைத்தான் சொல்ல வந்தேன். ‘பாஸ்ட்’ என்றே மாற்றிவிட்டேன்.