உணவு டிரெய்லருக்கு எந்த டயர் போடுவது?

வணக்கம். கடலூரில் பொலிரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் உணவு டிரெய்லர் வைத்திருக்கிறேன். ஒரே அச்சு, இரண்டு சக்கரம், ஆல்ட்டோ ரிம், 145/80 ஆர்12 டயர். வார நாள்களில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெயிலிலேயே நிற்கும். சனி, ஞாயிறு புதுச்சேரி போகும்.

ஏப்ரலிலிருந்து இரண்டு டயர் வெடித்துவிட்டது. முதலாவது கிருமாம்பாக்கம் அருகே, அடுத்தது தவளக்குப்பம் தாண்டி. 50-க்கு மேல் ஓட்டுவதே இல்லை. இரண்டிலும் பக்கச்சுவர்தான் கிழிந்தது, பட்டன் (தரையில் படும் பகுதி) தேயவே இல்லை. முதல் டயரில் 1419 என்று இருந்தது, அதாவது 2019-இன் 14-வது வாரம் செய்தது. பழசு என்று விட்டுவிட்டேன். ஆனால் இரண்டாவது புது டயர்!

பேரிங் மாற்றி கிரீஸ் வைத்தாயிற்று. அச்சு நேராகத்தான் இருக்கிறது. காற்றை 30-லிருந்து 36-க்கு ஏற்றியும் பலனில்லை. போன வாரம் எடைமேடையில் ஏற்றினேன். சிலிண்டர், தண்ணீர் டிரம், அடுப்பு எல்லாம் சேர்த்து 890 கிலோ. டயரில் எடைக் குறியீடு 74 என்று போட்டிருக்கிறது, அதாவது ஒரு டயர் 375 கிலோதான் தாங்கும். இரண்டும் சேர்ந்தாலே 750. கோளாறு இங்கேதான் என்று நினைக்கிறேன். பின்னால் பைக்கில் குடும்பமாக வருகிறவர்களை நினைத்தால் வண்டியை எடுக்கவே பயமாக இருக்கிறது.

குட்டி யானைக்கு (டாடா ஏஸ்) போடும் 145 ஆர்12 எல்டி, அதாவது சின்ன லாரி வகை டயரை, 8 பிளை (கூடுதல் பலமுள்ளது) போடச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். அதற்கு வைக்கும் காற்றழுத்தத்தைக் கார் ரிம் தாங்காது என்கிறார் இன்னொருவர்.

ஆல்ட்டோ ரிம்மிலேயே 8 பிளை டயர் போடலாமா, இல்லை ரிம்மையும் அதை மாட்டும் ஹப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா?