பித்தநாள வால்வு: வெட்டா, மாத்திரையா? 37-க்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசவும்

பேராவூரணி | இரவு 7:10

"பித்தப்பையை எடுத்த பிறகும் வலி வருகிறதா, அது ஓடி வால்வு இறுக்கம்தான். எண்டோஸ்கோபியில் ஒரு வெட்டு, மறுநாள் வீடு. மாத்திரையை நம்புகிறவர்கள் ஏமாளிகள்." நேற்று சமையல் எண்ணெய் பற்றிய இழையில் சிங்காநல்லூர் சிவா போகிற போக்கில் எழுதியது இது. ஓடி வால்வு என்பது பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் இருக்கும் வளையத் தசை. அங்கேயே பதில் சொன்னால் கடலை எண்ணெய்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால்தான் தனி இழை.

நான் அந்த ஏமாளிகள் கூட்டத்தைச் சேர்ந்தவன். வீட்டம்மாவுக்கு 2019-ல் பித்தப்பையை எடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் இரண்டு மெதுவடை சாப்பிட்ட ராத்திரி, இரண்டரை மணிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விடியும்வரை திண்ணையில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பித்தநாளத்தைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. எதிலும் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் "வெட்டிவிடலாம்" என்றார். இன்னொருவர் "முதலில் மாத்திரையில் பார்ப்போம்" என்றார். பார்த்தோம். நான்கு வருஷமாக வலி இல்லை.

இப்போது கேள்வி. 2014-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. பித்தப்பை எடுத்த பிறகும் வலியோடு இருந்த 214 பேர். 141 பேருக்கு நிஜமாகவே வால்வை வெட்டினார்கள். 73 பேருக்குக் குழாயை விட்டு எடுத்ததோடு சரி, வெட்டவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வெட்டியவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் நிவாரணம். வெட்டாதவர்களில் 37. திரும்பவும் படியுங்கள், வெட்டாதவர்களில் 37. சிவா விளக்கட்டும்.

சிங்காநல்லூர் சிவா | 7:52

வணக்கம்ங்க அண்ணா. கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவர் என்பது நன்றாகத் தெரிகிறது.

எனக்கு வெட்டி ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் வலி வரும்போதெல்லாம் கல்லீரல் என்சைம் எகிறும், பித்தநாளம் 14 மில்லிமீட்டர் வீங்கிக் கிடந்தது. வெட்டிய பிறகு பரோட்டா, மட்டன், எதுவும் பாக்கியில்லை. உங்களுக்கு ஆய்வுதான் வேண்டுமென்றால் நானும் தருகிறேன். 1989, நியூ இங்கிலாந்து ஜர்னல், 47 பேர். வால்வில் அழுத்தம் அதிகம் இருந்து வெட்டியவர்களில் 11-க்கு 10 பேர் ஒரு வருஷத்தில் தேறினார்கள். அழுத்தம் இருந்தும் வெட்டியதாகப் பாவனை மட்டும் செய்தவர்களில் 12-க்கு 3. இதை நீங்கள் விளக்குங்கள்.

பேராவூரணி | 8:01

1989-ல் நான் டிரங்கால் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். 2014-க்கு வாருங்கள். 37 பெரிதா, 23 பெரிதா?

நளாயினி | 8:20

எண்டோஸ்கோபி அறையில் பதினொரு வருஷம் நர்ஸாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன். நீங்கள் இருவரும் வேறு வேறு நோயாளிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். வலியோடு என்சைமும் ஏறி நாளமும் வீங்கியிருந்தால் முதல் வகை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் இரண்டாம் வகை. வெறும் வலி மட்டும் என்றால் மூன்றாம் வகை. சிவா அண்ணா முதல் வகை. பேராவூரணி அய்யா வீட்டில் மூன்றாவது. 2014 ஆய்வு மூன்றாம் வகைக்காரர்களை வைத்துச் செய்தது, 1989 ஆய்வு இரண்டாம் வகையை வைத்து. 2016-ல், வயிற்றுக் கோளாறுகளுக்கு வரையறை வகுக்கும் ரோம் குழு மூன்றாம் வகை என்ற பெயரையே தூக்கிவிட்டது. அப்புறம் எதற்குச் சண்டை?

பேராவூரணி | 8:24

நன்றிம்மா. வகையெல்லாம் பிறகு பார்க்கலாம். சிவா 37-க்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

சிங்காநல்லூர் சிவா | 8:31

நீங்கள் 12-க்கு 3-க்குப் பதில் சொல்லவில்லை என்பதை நானும் குறித்துக்கொண்டேன். அதோடு இது ஆபரேஷனே இல்லை. வயிற்றில் தையல் இல்லை, தழும்பு இல்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளேயே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுடுகம்பியால் கீறுகிறார்கள். அதைப்போய் "கத்தி வைத்தார்கள்" என்று போன மாதம் ஒரு இழையில் எழுதியது யார்?

பேராவூரணி | 8:36

ரத்தம் வந்தால் ஆபரேஷன்.

சிங்காநல்லூர் சிவா | 8:37

அப்படியென்றால் நீங்கள் காலையில் சவரம் செய்துகொள்வதும் ஆபரேஷன்தான்.

மெடிக்கல் மணி | 8:50

எந்த மாத்திரை என்று அய்யா இன்னும் சொல்லவே இல்லையே. கடைக்கு வந்து "பித்த வால்வு மாத்திரை கொடுங்க" என்று கேட்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

பேராவூரணி | 9:05

நிஃபெடிபின். இரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பதுதான். ரத்தக்குழாய்த் தசையைத் தளர்த்துவது போலவே இந்த வால்வுத் தசையையும் தளர்த்தும். டாக்டர் குறைந்த அளவில் தொடங்கி, பிரஷர் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினார். இரண்டாவது வாரம் கணுக்கால் வீங்கி, மாலையில் கொலுசைக் கழற்றினால் தடம் அப்படியே பள்ளமாகத் தெரியும். அளவைக் குறைத்ததும் வடிந்துவிட்டது. ராத்திரிக்கு, வலி உணர்வைத் தணிக்க, மிகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். இப்போது அதுவும் இல்லை, நிஃபெடிபினையும் நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது.

இதற்கும் ஆய்வு உண்டு, அதுவும் நம் நாட்டில். ஸ்ரீநகரில் செய்து 1992-ல் பிரிட்டிஷ் மருந்தியல் இதழ் ஒன்றில் வந்தது. 28 பேருக்கு நிஃபெடிபின், வெற்று மாத்திரை இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 21 பேருக்கு வலி குறைந்தது. கத்தியும் இல்லை, சுடுகம்பியும் இல்லை.

சிங்காநல்லூர் சிவா | 9:11

28 பேரா? எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது அதைவிடப் பெரிய கூட்டம் நிற்கும்.

பேராவூரணி | 9:13

உங்கள் 47 பேர் என்ன, மாநாடா? அதிலும் நீங்கள் பிடித்துக்கொண்டு தொங்குவது 11 பேர். என்னிடம் 214 பேர் இருக்கிறார்கள். 37. 23.

வேடிக்கை | 9:15

"ஓடி" என்பதா "ஒட்டி" என்பதா? டாக்டர் ஒருவர் "ஆடி" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆடியில் மட்டும் வலிக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

நளாயினி | 9:22

ருஜ்ஜேரோ ஓடி. இத்தாலியில் பெருஜியாவில் மருத்துவ மாணவராக இருந்தபோதே 1887-ல் இதைப் பற்றி எழுதினார். அவருக்கு முன்பே 1654-ல் கிளிசன் என்ற ஆங்கிலேயர் அங்கே தசை இருப்பதைக் கவனித்திருக்கிறார், பெயர் மட்டும் ஓடிக்குப் போய்விட்டது. ஓடியா ஒட்டியா என்பது அவ்வளவு முக்கியமில்லை. இ.ஆர்.சி.பி. (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தநாளத்தைப் பார்ப்பது) முடிந்து கணையம் வீங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேக்காக நாங்கள் போட்டிருக்கும் ஈய அங்கியைக் கழற்றுவதற்குள் முதுகுவரை வலிக்கிறது என்பார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி வைத்தவருக்கு அதன்பின் ஒன்பது நாள் டிரிப். இந்த வால்வுக் கோளாறு என்று வருகிறவர்களுக்குத்தான் அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். 2012-ல் 602 பேரை வைத்து ஓர் ஆய்வு, பெரும்பாலானோர் இந்தச் சந்தேகத்தோடு வந்தவர்கள். ஆசனவாய் வழியாக இண்டோமெத்தசின் வைத்ததும் கணைய வீக்கம் 16.9 சதவீதத்திலிருந்து 9.2-க்கு இறங்கியது. மருந்து வைத்தும் 9.2 என்பதைக் கவனியுங்கள். வெறும் வலிக்கு இந்த வெட்டு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். சிவா அண்ணா மாதிரி நாளம் அடைத்தவர்களுக்கு வெட்டாமல் இருப்பதுதான் தப்பு.

பேராவூரணி | 9:25

பார்த்தீர்களா, நர்ஸம்மாவே என் பக்கம்.

சிங்காநல்லூர் சிவா | 9:26

கடைசி வரியைப் படித்தீர்களா? என் பக்கம்.

நளாயினி | 9:27

நான் யார் பக்கமும் இல்லை சாமி.

சிங்காநல்லூர் சிவா | 9:40

அண்ணா, நீங்கள் தலையில் வைத்து ஆடும் அதே 2014 ஆய்வைப் போய்ப் படித்துவிட்டு வந்தேன். கணையம் வீங்கியது வெட்டியவர்களில் 11 சதவீதம். வெட்டாதவர்களில் 15! உங்கள் செல்லப்பிள்ளைகள் 73 பேருக்குத்தான் கணையம் அதிகம் வீங்கியிருக்கிறது. இதை ஏன் முதல் பதிவில் எழுதவில்லை?

பேராவூரணி | 9:44

குழாயை உள்ளே விட்டதால் வந்த வினை அது. என் வீட்டில் குழாயே விடவில்லை. மாத்திரை விழுங்கி அவளுக்குக் கணையம் வீங்கியதா? இல்லை. 37-ஐ விட்டு 15-க்கு ஓடுகிறீர்கள். ஓடி என்ற பெயர் உங்களுக்குத்தான் பொருந்தும்.

மெடிக்கல் மணி | 9:58

யாரும் நிஃபெடிபினைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். பிரஷர் இறங்கி மயங்கி விழுவார்கள். எங்கள் பக்கம் டாக்டர்கள் முதலில் ட்ரோடவெரின், ஹையோசின், மெபெவெரின் என்று தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரைகளைத்தான் எழுதுகிறார்கள். இன்னொன்று. கோடீன் கலந்த இருமல் மருந்து இந்த வால்வை இறுக்கும். பித்தப்பை எடுத்தவர்கள் அதைக் குடித்த ராத்திரி துடித்துப்போவது உண்டு. மார்ஃபீனும் அப்படித்தான்.

பேராவூரணி | 10:03

இதைச் சொல்வதற்கு உங்களுக்கு என்ன அருகதை மணி? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருமல் மருந்து இழையில் "கோடீனால் ஒன்றும் ஆகாது, குடித்துவிட்டுத் தூங்குங்கள்" என்று எனக்கே எழுதியவர் நீங்கள். அந்த வாரம்தான் வீட்டம்மாவுக்கு மூன்றாவது தடவை வலி வந்தது. நான் மறக்கவில்லை.

மெடிக்கல் மணி | 10:06

அப்போது பித்தப்பை எடுத்ததைச் சொன்னீர்களா? சளி என்று மட்டும்தானே சொன்னீர்கள்? அதுவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எப்படி வலி வரும்? முதல் பதிவில் "நான்கு வருஷமாக வலி இல்லை" என்று இருக்கிறதே!

வேடிக்கை | 10:07

அடடா.

பேராவூரணி | 10:15

அது நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்த இழை. வருஷம் எழுதும்போது கை தவறிவிட்டது. 37 கை தவறவில்லை.

மூலிகைக் குடில் | 10:18

கீழாநெல்லியை மோரில் அரைத்து நாற்பத்தெட்டு நாள்

சிங்காநல்லூர் சிவா | 10:18

வேண்டாம்ங்க.

பேராவூரணி | 10:19

வேண்டாம். சிவாவும் நானும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இது. போன வருஷம் உங்கள் வாழைத்தண்டு இழையை நம்பிச் சிறுநீரகக் கல்லோடு மூன்று மாதம் நடந்தவன் என் மைத்துனன்.

பூங்குழலி | 10:41

முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். ஒரு சந்தேகம். அந்த 37 சதவீதம் பேர் மாத்திரை சாப்பிட்டுத் தேறியதாக ஆய்வு சொல்லவில்லையே. குழாயை விட்டு எடுத்ததோடு, வெட்டாமலே தேறியிருக்கிறார்கள். அப்படியென்றால் அது வெட்டுக்கு எதிரான சாட்சி, சரி. மாத்திரைக்கு எப்படிச் சாட்சியாகும்? உங்கள் வீட்டம்மா மாத்திரை சாப்பிடாமலே தேறியிருக்கலாம், இல்லையா? அதைத்தான் உங்கள் 37 சொல்கிறது.

சிங்காநல்லூர் சிவா | 10:42

👏👏👏

நளாயினி | 10:44

இதைத்தான் மூன்று மணி நேரமாக யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராவூரணி | 10:58

பூங்குழலி, ராத்திரி இரண்டரை மணிக்குத் திண்ணையில் கூட உட்கார்ந்திருந்தவன் நான். மாத்திரை போட்டதும் வலி வருவது மாதம் மூன்றிலிருந்து ஒன்றாகி அப்புறம் நின்றதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்ரீநகர்க்காரர்கள் வெற்று மாத்திரையையும் வைத்துத்தான் பார்த்தார்கள் என்று மேலே சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு வாருங்கள்.

பூங்குழலி | 11:02

படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். அந்த 28 பேர் வால்வு அழுத்தத்தை அளந்து பார்த்து, அதிகம் என்று தெரிந்தவர்கள். உங்கள் வீட்டில் அளந்தார்களா?

பேராவூரணி | 11:09

கரண்ட் போய்விட்டது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

சிங்காநல்லூர் சிவா | 11:11

அளந்திருக்க மாட்டார்கள். அளப்பதற்கும் குழாய் விட வேண்டும். 11-க்கு 10.

பேராவூரணி | 11:12

உங்களுக்கு அளந்தார்களா சிவா?

சிங்காநல்லூர் சிவா | 11:15

நாளம் 14 மில்லிமீட்டர் வீங்கியவனுக்கு எதற்கு அளக்க வேண்டும்? முதல் வகைக்கு அளக்கத் தேவையில்லை.

பேராவூரணி | 11:16

ஓஹோ, இப்போது மட்டும் வகை வந்துவிட்டதா?

நளாயினி | 11:17

நான் தூங்கப் போகிறேன்.

வேடிக்கை | 11:20

அய்யா, கரண்ட் போன பிறகு இரண்டு பதிவு போட்டுவிட்டீர்கள்.

பேராவூரணி | 11:21

மொபைலில் 37 சதவீதம் சார்ஜ் இருக்கிறது.